ஓட்டை போடாத சட்டிக்கு எதுக்குப் பெயிண்டு?

மார்த்தாண்டம் பக்கம் சாயங்காலம் நாலு பேர் கூடினா மண்சட்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க. அடிக்கட்டும். ஆனா தூசுகூடத் துடைக்காம அக்ரிலிக்கை அப்பி, அன்னைக்கே செடியை நட்டு, தண்ணியும் ஊத்திக் கையில கொடுத்து அனுப்புறாங்களே, அதுதான் தாங்கல.

சுட்ட மண் தண்ணி குடிக்கும். உள்ளே ஊத்தினது சுவர் வழியா கசிஞ்சு பெயிண்டைப் பின்னாலிருந்து தள்ளும். முதல்ல கொப்புளம், அப்புறம் பட்டை பட்டையா உரியும். எடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஈரத்துல கேட்கவே வேண்டாம். உள்பக்கம் சீலர் (ஈரம் கசியாம அடைக்கிற பூச்சு) ரெண்டு கோட்டு, ஒண்ணு காய்ஞ்சப்புறம் அடுத்தது. வெளியே பிரைமர் (பெயிண்ட் பிடிக்க அடிக்கிற அடிப்பூச்சு), பெயிண்ட், வார்னிஷ். ஒரே ராத்திரியில நடக்காதுங்க, ரெண்டு நாளாப் பிரிங்க.

சிரட்டையில (கொட்டாங்குச்சி) செடி வைக்கிற கதை இன்னும் மோசம். கண்ணுள்ள பாதியை எடுத்தா, மூணுல ஒரு கண்ணு மெத்துன்னு இருக்கும், ஆணியால குத்தினாலே திறந்துடும். அதைக்கூடச் செய்யாம, "அடியில ஜல்லி போட்டாப் போதும்"னு உபதேசம் வேற! வடிய வழி இல்லாத சட்டியில ஜல்லி போட்டா ஈரம் வேருக்குப் பக்கத்துலதான் ஏறி நிக்கும்.

மண்சட்டியில ஓட்டை போடணும்னா டிரில்லுல 6 மி.மீ. மேசன்ரி பிட் (செங்கல், கல் துளைக்கிற முனை), ஹேமர் மோடை (இடிச்சுத் துளைக்கிறதை) அணைச்சுட்டு, தண்ணி தெளிச்சு மெதுவா. அவசரப்பட்டு அழுத்தினா அடி விரிசல் விடும்.