கனாசாவா நீச்சல் குளப் படம் பற்றி ஒரு திருத்தம்

ஜப்பானின் கனாசாவா நகர அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் நீருக்கடியில் மூச்சடக்கி நிற்கிறார்கள், நீச்சல் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று இந்த இழையில் ஒரு படத்தோடு பகிரப்பட்டிருக்கிறது. படம் உண்மைதான், விளக்கம்தான் தவறு.

அது அங்குள்ள 21ஆம் நூற்றாண்டு சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் அர்ஜென்டினாக் கலைஞர் லியாண்ட்ரோ எர்லிச் 2004இல் செய்த படைப்பு. மேலே கண்ணாடித் தளம். அதன்மேல் ஏறத்தாழ 10 செ.மீ. தண்ணீர், அவ்வளவுதான். கண்ணாடிக்குக் கீழே இருப்பது நீலச்சுவர் கொண்ட காலி அறை. சாதாரண உடையில் உள்ளே நடந்துபோய் நின்று அண்ணாந்து பார்க்கலாம், ஒரு சொட்டுகூட நனையாது. மேலே குளத்தங்கரையில் நிற்பவர்களின் முகங்கள் அலையோடு நெளிந்து தெரியும்.

சரி, எப்படி உறுதிசெய்வது? படத்தைப் பெரிதாக்கி, கீழே நிற்பவர்களின் தலைமுடியைப் பாருங்கள். தண்ணீருக்குள் என்றால் மிதந்து விரிய வேண்டும். இங்கே வழக்கம்போலத் தோளில் படிந்து கிடக்கிறது. சட்டையும் உடலோடு ஒட்டவில்லை, காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லை. அப்புறம், அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் நிரந்தரப் படைப்புகள் பகுதியில் இந்தக் கண்ணாடி, தண்ணீர் விவரம் அப்படியே இருக்கிறது.

இதை ஆபத்தான இடம் என்று குழந்தைகளிடம் சொல்லிவிட வேண்டாம். அந்த நகரத்தின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி வழியாகவே அழைத்துவந்து சுற்றிக்காட்டும் அருங்காட்சியகம் அது. பகிர்ந்தவர் விளக்கத்தை மட்டும் திருத்தினால் போதும், படம் இருக்கட்டும்.