இரண்டு நாளில் பிராக் பார்த்தால் என்ன குற்றம்?

செக் நாட்டுத் தலைநகரான பிராக்கை இரண்டு நாளில் சுற்றிப் பார்த்த ஒரு பெண் இங்கே போட்ட படங்களுக்குக் கீழே நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "இரண்டு நாளில் பிராக்கா? வீட்டில் உட்கார்ந்து படம் பார்த்திருக்கலாமே" என்று எழுதினார் ஒருவர். கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். இரவோடு இரவாக அந்தப் பெண் எல்லாப் படங்களையும் நீக்கிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு நாள் பார்த்ததும் பார்த்ததுதான். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

சிரித்தவர்களில் எத்தனை பேர் அவருடைய நான்காவது படத்தைக் கவனித்தீர்கள்? பழைய நகர மண்டபத்தின் கிழக்குப் பக்கத் தரையில் பதித்த வெள்ளைச் சிலுவைகள். மொத்தம் 27. ஹாப்ஸ்பர்க் பேரரசருக்கு எதிராக எழுந்து, வெள்ளை மலைப் போரில் தோற்ற பொஹீமிய (இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி) கிளர்ச்சியின் தலைவர்கள் 27 பேரை 1621 ஜூன் 21 அன்று அந்தச் சதுக்கத்தில்தான் கொன்றார்கள். அவர்களில் 12 பேரின் தலைகள் சார்லஸ் பாலத்துக் கோபுரத்தில் பத்தாண்டுகள் தொங்கின. சுற்றுலாக் கூட்டம் அந்தச் சிலுவைகளை மிதித்துக்கொண்டு, அதே மண்டபச் சுவரிலுள்ள வானியல் கடிகாரத்தை நோக்கி ஓடுகிறது. அந்தப் பெண் நின்று, குனிந்து, படம் எடுத்திருக்கிறார். அவரைப் பார்த்தா "பட்டியலில் டிக் அடிக்கும் பயணி" என்கிறீர்கள்?

கடிகாரத்துக்காகக் காத்து நின்றதையும் கேலி செய்தார்கள். 1410-இல் செய்த பொறி அது. 1945 மே மாதச் சண்டையில் தீக்கிரையாகி, 1948-இல் மறுபடி ஓடத் தொடங்கியது. எலும்புக்கூட்டுப் பொம்மை மணியடிக்க, இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் உருவங்கள் சன்னலில் வந்துபோக, கடைசியில் சேவல் கூவும். ஒரு நிமிடம்கூட இல்லைதான். அதை அண்ணாந்து பார்த்து ஒருவர் மகிழ்ந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

என் அம்மாவை பிராக்குக்கு அழைத்துப் போனதைப் பற்றி இதுவரை இங்கே எழுதியதில்லை. ஜெர்மனியில் தங்கையின் பிரசவத்துக்காக வந்திருந்தார். இடையில் கிடைத்த விடுமுறையில் டிரெஸ்டனிலிருந்து ரயில் ஏறினோம். முழங்கால் வலியோடு கோட்டை மேடு ஏற முடியாது என்பதால் 22-ஆம் எண் டிராமில் போனோம். மற்ற இடங்களில் அம்மா அதிகம் பேசவில்லை. பிங்காஸ் யூதக் கோயிலுக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். நாஜிகள் கொன்ற பொஹீமியா, மொராவியா என்ற செக் பகுதிகளின் யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்களைக் கையாலேயே எழுதிய சுவர்கள் அவை. குடும்பப் பெயர் சிவப்பில். அதையடுத்து ஒவ்வொருவர் பெயரும் தேதிகளும் கறுப்பில். அம்மா பிறந்த ஆண்டுகளைப் படித்து வயதைக் கணக்குப் போட்டார். "இது நாலு வயசுப் பிள்ளைடா" என்றார். மாடியில், நாஜிகளின் தெரெசின் முகாமில் அடைபட்ட குழந்தைகள் வரைந்த படங்கள் இருந்தன. அவர்களுக்கு வரையக் கற்றுத்தந்த ஃப்ரீடல் டிக்கர்-பிரான்டைஸ் அந்தப் படங்களைப் பெட்டிகளில் பத்திரப்படுத்திவிட்டு ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குப் போனார், 1944-இல் கொல்லப்பட்டார். அன்று மீதி நேரம் முழுவதும் நாங்கள் வேறெங்கும் போகவில்லை. கோட்டைக்குள் இருக்கும் அரண்மனையின் உட்புறத்தை அம்மா பார்க்கவே இல்லை. என் அம்மா பிராக்கைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுவீர்களா?

"உங்களைப் போன்ற கூட்டத்தால்தான் பழைய நகரத்தில் உள்ளூர்க்காரர்கள் வாழ முடியவில்லை" என்று ஒருவர் கேட்பார். நியாயமான வருத்தம், ஒப்புக்கொள்கிறேன். வீடுகள் நாள் வாடகை விடுதிகளாக மாறிவிட்டன; இரவுக் கூச்சல் தாங்காமல், வழிகாட்டியோடு கூட்டமாக மதுக்கடை ஏறி இறங்கும் சுற்றுலாவை இரவு 10 மணிக்கு மேல் நடத்தக்கூடாது என்று 2024-இல் நகர நிர்வாகம் தடுத்தது. ஆனால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு டிராமுக்கு நின்ற அம்மாவை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

"ஒரு நகரத்தை உணர மாதங்கள் வேண்டும்" என்பது அடுத்த வாதம். இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. மாதக்கணக்கில் தங்கியும், சோவியத் ஆக்கிரமிப்பை எதிர்த்து யான் பலாக் என்ற மாணவர் தன்னை எரித்துக்கொண்ட இடம் எது என்று கேட்டுப் போகாதவர்கள் உண்டு. தேசிய அருங்காட்சியகத்தின் முன்னால் நடைபாதையில் வெண்கலச் சிலுவை ஒன்று தரையிலிருந்து புடைத்து எழும்பிக் கிடக்கிறது. 1969 ஜனவரி 16. அந்தப் பெண் அங்கும் போயிருந்தார். படம் இருந்தது. இப்போது இல்லை, நீங்கள் நீக்க வைத்துவிட்டீர்கள்.

யாருக்கு மாதங்கள் வாய்க்கின்றன என்று யோசித்தீர்களா? இந்தியப் பாஸ்போர்ட்டோடு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா கேட்டால் கட்டணம் 90 யூரோ. மறுத்தால் திரும்பக் கிடைக்காது. வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, விடுப்புக் கடிதம், தங்குமிடப் பதிவு, காப்பீடு என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். முதல்முறை கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கேட்ட நாள்களையொட்டித்தான் விசா தருகிறார்கள். அம்மாவின் விண்ணப்பத்துக்காக அப்பாவின் ஓய்வூதியப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக நகலெடுத்தோம். "திரும்பிப் போவார் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். அம்மா ஏதும் பேசவில்லை. அந்தக் கேள்வி இன்னும் எனக்கு ஆறவில்லை.

கேலி செய்தவரே, உங்களிடம் ஜெர்மன் குடியிருப்பு அட்டை இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை நினைத்தால் தனி விசா இல்லாமலே சனிக்கிழமை காலை பிராக்கில் இறங்கலாம். மழை பெய்தால் அடுத்த வாரம் போகலாம். அந்தப் பெண்ணுக்கு அலுவலகம் தந்தது இரண்டு நாள். அதில் அவர் எதைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தார் என்று அவரிடமே கேளுங்கள். கேட்கும் முன் மன்னிப்புக் கேளுங்கள்.