யோசனைக்கும் ஓர் எல்லை வேண்டும்

முடிவெடுக்க முடியாமல் மாதக்கணக்கில் தவிப்பவரிடம், "உணர்ச்சிவசப்படாமல் நன்றாக யோசி" என்று சொல்வதை நாம் அக்கறை என்றே நினைக்கிறோம். யோசித்து யோசித்தே ஓய்ந்துபோனவருக்கு அந்த அறிவுரை பாரத்தைத்தான் கூட்டும்.

சாதக பாதகங்களை எழுதிப் பார்க்கும் முறைக்கு, 1772-இல் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் நண்பரான ஆங்கிலேய வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். தாளின் நடுவே கோடு கிழித்து, இருபுறமும் காரணங்களை எழுதி, சம எடையுள்ளவற்றை அடித்துவிட வேண்டும். ஆனால், மூன்று நான்கு நாள் இப்படி எழுதி, மேலும் ஓரிரு நாள் பொறுத்தும் முக்கியமாகப் புதிதாக எதுவும் தோன்றாவிட்டால் முடிவுக்கு வந்துவிடுவேன் என்றும் அவர் அதில் எழுதியிருக்கிறார். அந்த எல்லையைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். அதைவிடப் பெரிய கேள்வி, ஒவ்வொரு காரணத்துக்கும் எடை எங்கிருந்து வருகிறது என்பது. நாம் எதை உயிராக மதிக்கிறோம் என்பதிலிருந்து அல்லாமல் வேறெங்கிருந்தும் அது வருவதில்லை.

நரம்பியல் அறிஞர் அன்டோனியோ டமாசியோ பதிவுசெய்த ஒரு நோயாளியின் கதை இதை நன்றாகக் காட்டும். மூளையின் முன்பகுதியில் உணர்வோடு தொடர்புடைய இடம் பழுதுபட்டிருந்த அவருக்கு, அறிவுக்கூர்மையில் குறைவில்லை. அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகளைச் சொன்னதும், அவர் நாட்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, மற்ற வேலைகள், வானிலை என்று ஏறக்குறைய அரை மணி நேரம் காரணங்களை அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் மருத்துவரே ஒரு தேதியைச் சொன்னதும் உடனே சரி என்று கிளம்பிவிட்டார். எது முக்கியம் என்று உணர்வு சொல்லாதபோது அறிவுக்கு நிறுத்தும் இடம் தெரிவதில்லை.

சென்னையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், அப்பா இறந்தபின் அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கும் அம்மாவிடமே திரும்பிவிடலாமா என்று எக்செல் தாள் போட்டார். சம்பளக் குறைவு, பிள்ளைகளின் பள்ளி, திருநெல்வேலி மருத்துவமனைக்கு ஆகும் நேரம் என எல்லாவற்றுக்கும் மதிப்பெண் கொடுத்தார். கூட்டுத்தொகை சென்னையின் பக்கம் சாயும்போதெல்லாம், "அம்மாவின் தனிமை" என்ற வரிக்கு மட்டும் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டே வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அவருடைய மனைவி, "உங்களுக்குத்தான் விடை தெரிந்துவிட்டதே" என்றார். அதன்பின் அதே தாள், குறைகிற வருமானத்தில் குடும்பத்தை எப்படி நடத்துவது என்று கணக்கிட உண்மையிலேயே பயன்பட்டது.

அதற்காக மனத்தில் எழுவதையெல்லாம் நம்பிவிடச் சொல்லவில்லை. கோபத்தில் எழுதிய ராஜினாமாக் கடிதம் ஒரு இரவாவது காத்திருக்கத்தான் வேண்டும். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயமும், இதைச் செய்யாவிட்டால் என்னையே என்னால் மதிக்க முடியாது என்ற தவிப்பும் நெஞ்சில் ஒரே மாதிரிதான் கனக்கும். ஆனால் பார்ப்பவர் ஒருவரும் இல்லை என்று எண்ணிப் பார்த்தால் முந்தையது பெரும்பாலும் கரைந்துவிடும், பிந்தையது அப்படியே நிற்கும். எத்தனை முறை இப்படிக் கேட்டும் பதற்றம் அடங்காமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போனால், அதை யோசனை என்று எண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் டெலி மனஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவையின் இலவச எண்ணான 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசுங்கள்.