எல்லா பங்கரிலும் லிஃப்ட் இல்லை
இரண்டாம் உலகப்போர் கால ஜெர்மன் கடலோர பங்கர்களில், அதாவது பீரங்கிகளுக்கான கான்கிரீட் அரண்களில், குண்டுகளை நிலவறையிலிருந்து மின் லிஃப்ட்தான் மேலே கொண்டுவந்தது என்று இந்தக் கட்டுரை பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியில்லை. பிரான்ஸில் நார்மண்டியின் லோங்-சூர்-மேரில் எம்272 என்ற வகையைச் சேர்ந்த நான்கு கான்கிரீட் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் குழல் விட்டம் 15 செ.மீ. உள்ள ஒரு பீரங்கி. குண்டறைகள் பீரங்கிக்குப் பின்னாலேயே இருக்கின்றன. குண்டின் எடை சுமார் 45 கிலோ. நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்து திணித்துவிடலாம், லிஃப்டுக்கு அங்கே வேலையே இல்லை. டென்மார்க்கின் ஹான்ஸ்டோல்மில் இருந்த 38 செ.மீ. பீரங்கியின் கதை வேறு: கவசம் துளைக்கும் குண்டு ஒன்றே 800 கிலோ. அங்கும் பெரிய தலைவலி உயரம் அல்ல, தூரம். தள்ளியிருக்கும் கிடங்கிலிருந்து குறுகிய தண்டவாளத்தில் குட்டி ரயில் கொண்டுவரும். உள்ளே அதைத் தூக்கவும் நகர்த்தவும் கப்பி வேண்டும். மேலே கருத்துப் பகுதியில் ஒரு நண்பர், குண்டை உந்தும் வெடிமருந்தைப் பற்றி, 'மருந்து வெறும் பைதானே, அதைக் கையில் எடுத்துவர முடியாதா?' என்று கேட்டிருக்கிறார். பாதிதான் பை. குண்டுக்குப் பின்னால் முதலில் பை மருந்து போகும், அதன் பின் பித்தளைக் குடுவையில் அடைத்த முதன்மை மருந்து. பீரங்கியின் பின்வாயை மூடுவது குறுக்கே நகரும் ஆப்பு வகைப் பூட்டு என்பதால் வாயு பின்பக்கம் கசியாமல் அடைப்பது அந்தப் பித்தளைதான். இரண்டிலும் மருந்து மட்டுமே சுமார் 212 கிலோ, குடுவையின் எடை தனி. சுட்டு முடித்ததும் அந்தக் காலிக் குடுவை சூட்டோடு வெளியே வந்து விழும்; அடுத்த குண்டு வருவதற்குள் அதை வழியிலிருந்து அப்புறப்படுத்தியாக வேண்டும். கட்டுரையின் வரைபடத்தில் அதற்கு இடமே விடவில்லை.