டெலி பிரைமா, ஜூமா? முதலில் வெளிச்சத்தையும் தூரத்தையும் பாருங்கள்

ஆக்‌ஷன் படம் எடுக்க டெலி லென்ஸ் வாங்கப் போகும் பலரும் முதலில் கேட்பது, "பிரைம் ஷார்ப்பா, ஜூம் ஷார்ப்பா?" என்றுதான். (டெலி என்பது தொலைவில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் லென்ஸ். அந்த இழுப்பின் அளவைச் சொல்வது எம்எம் எண். பிரைமில் அது மாறாது, ஜூமில் மாற்றலாம்.) என்னைக் கேட்டால், அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். ஓடுகிற, பாய்கிற, பறக்கிற எதையும் எடுக்கும்போது படம் கெடுவது பெரும்பாலும் மூன்று காரணங்களால். ஷட்டர் வேகம் போதவில்லை. ஃபோகஸ் முகத்தில் விழாமல் பின்னால் இருப்பவர் மீது விழுந்துவிட்டது. அல்லது வெயிலில் சுட்ட தரையிலிருந்து எழும் கானல், 60 மீட்டருக்கு அப்பால் இருக்கும் எல்லாவற்றையும் நெளியவைத்துவிட்டது. இந்த மூன்றையும் தாண்டிய பிறகுதான் கண்ணாடியின் கூர்மைக்கு வேலை. இன்றைய நல்ல ஜூம்களில் அந்த வித்தியாசத்தை, ஓடும் ஆளின் சட்டை மடிப்பில் தேடினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

கேட்க வேண்டியவை வேறு இரண்டு. எடுக்கும் இடத்தில் வெளிச்சம் எவ்வளவு? ஒரே காட்சிக்குள், உங்களுக்கும் ஆட்டக்காரருக்கும் இடையிலான தூரம் எவ்வளவு மாறுகிறது?

வெளிச்சத்தை முதலில் பார்த்துவிடுவோம். ஓடும் ஆளை உறையவைக்க 1/1000 நொடி வேண்டும். உதைத்த பந்தும் உதைத்த காலும் தெளிவாக நிற்க 1/1600-க்குப் போக வேண்டும். எஃப் எண் என்பது லென்ஸ் திறப்பின் (அபர்ச்சர்) அளவு, எண் சிறிதானால் திறப்பு பெரிது. ஐஎஸ்ஓ என்பது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பது. விளக்கொளியில் நடக்கும் ஓர் இரவு ஆட்டத்தில், எஃப்/2.8 வைத்து 1/1000-இல் எடுக்க ஐஎஸ்ஓ 3200 தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில், அதே ஷட்டர் வேகத்தில், 600 எம்எம் முனையில் எஃப்/6.3 வரைதான் திறக்கும் ஒரு ஜூமை மாட்டினால் ஐஎஸ்ஓ 16000 ஆகிவிடும். ஐந்து மடங்கு. ஐஎஸ்ஓ ஏறும்போது படத்தில் விழும் புள்ளிகளை, அதாவது நாய்ஸை, குறைக்கும் மென்பொருள்கள் இன்று நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனாலும் முகத்தின் நிறமும் கறுப்புச் சட்டையின் நுணுக்கமும் ஒருமுறை போனால் போனதுதான். மென்பொருள் அங்கே மெழுகு பூசிய மாதிரி ஒன்றைத்தான் கொடுக்கும். ஆட்டோஃபோகஸுக்கும் இதே கதிதான். உள்ளே வரும் வெளிச்சம் குறையக் குறைய அது தடுமாறும், முன்னும் பின்னும் தேடும்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஐஎஸ்ஓ எண்ணைப் பார்த்துப் பயந்து ஷட்டரை 1/400-க்கு இறக்கிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். நாய்ஸைப் பிறகு ஓரளவு சரிசெய்யலாம், ஆட்டக்காரர் நகர்ந்ததால் வந்த கலங்கலை எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது.

இதுவரை படித்தால் பிரைம்தான் வழி என்று தோன்றும். தூரத்தைக் கணக்கில் எடுக்கும்போதுதான் சிக்கல் தெரியும். எளிமையான கணக்கு ஒன்று: ஃபுல் ஃபிரேம் (36 மி.மீ. அகல சென்சார் உள்ள) கேமராவில், தூரத்தை மீட்டரில் எடுத்து 36-ஆல் பெருக்கி, லென்ஸின் எம்எம் எண்ணால் வகுத்தால், ஃபிரேமுக்குள் அடங்கும் அகலம் மீட்டரில் கிடைக்கும். 400 எம்எம் லென்ஸில் 40 மீட்டர் தூரத்தில் அகலம் 3.6 மீட்டர், உயரம் 2.4 மீட்டர். ஆள் முழுசாக, தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, அழகாக உட்காருவார்.

இப்போது அவர் கோல் அடித்துவிட்டு, நீங்கள் உட்கார்ந்திருக்கும் மூலையை நோக்கி ஓடிவருகிறார். நொடிக்கு 8 மீட்டர் வேகம் என்றால், 40 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு வந்து சேர நான்கு நொடிகூட ஆகாது. 20 மீட்டரில் ஃபிரேமின் உயரம் 1.2 மீட்டர், முழங்கால் வெட்டுப்படும். 10 மீட்டரில் அகலம் 90 செ.மீ., உயரம் 60 செ.மீ. விரித்த இரண்டு கைகளும் ஃபிரேமுக்கு வெளியே போய்விடும், மிஞ்சுவது தலையும் தோளும்தான். கட்டிப்பிடிக்க ஓடிவரும் சக ஆட்டக்காரர்கள் படத்திலேயே இல்லை. அந்த நான்கு நொடியும் ஆளை ஒரே அளவில் வைத்திருக்க 400-இலிருந்து 100 வரை இறங்க வேண்டும். 100-400 ஜூம் செய்வது சரியாக இதைத்தான்.

ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. பிரைம் எட்டாமல் போவது சின்னப் பிரச்சினை, பிரைம் நெருக்கிப் பிடிப்பதுதான் பெரிய பிரச்சினை. எட்டவில்லை என்றால் கிராப் செய்யலாம், அதாவது படத்தின் ஓரங்களை வெட்டிவிடலாம். 45 மெகாபிக்சல் படத்தை 1.5 மடங்கு கிராப் செய்தாலும் 20 மெகாபிக்சல் மிஞ்சும். 400 எஃப்/2.8-ஐ அப்படி கிராப் செய்தால் அது ஏறத்தாழ 600 எஃப்/4.2 போல நடந்துகொள்ளும். அப்போதும் 600 எஃப்/6.3-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சத்தைச் சேர்த்துத் தரும். வெட்டுப்பட்ட கையை மட்டும் எந்த மெகாபிக்சலாலும் ஒட்ட முடியாது. அதனால் இரண்டு பிரைம்களுக்கு நடுவில் தயங்குபவர்களுக்கு என் ஆலோசனை, குட்டையானதை எடுங்கள் என்பதே. 24 மெகாபிக்சல் பாடி (கேமரா) வைத்திருப்பவர்கள் மட்டும் இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டும். அதே கிராப்பில் அவர்களுக்கு மிஞ்சுவது 11 மெகாபிக்சலுக்கும் குறைவு.

பின்னணி மங்கலையும் சொல்லாமல் விட முடியாது, பிரைம் வாங்குபவர்களில் பாதிப்பேர் அதற்காகத்தான் வாங்குகிறார்கள். லென்ஸின் எம்எம் எண்ணை எஃப் எண்ணால் வகுத்தால் திறப்பின் விட்டம் வரும். 400 எஃப்/2.8-க்கு 143 மி.மீ., 600 எஃப்/6.3-க்கு 95 மி.மீ., 200 எஃப்/2.8-க்கு 71 மி.மீ. வெகு தூரத்தில் இருக்கும் ஒரு விளக்குப் புள்ளி, ஆட்டக்காரரின் பக்கத்தில் அந்த விட்டமுள்ள வட்டமாகப் பரவும். 143 மி.மீ. என்றால் முகத்தின் அகலத்துக்குச் சமம். விளம்பரப் பலகை, கம்பி வேலி, காலி நாற்காலி எல்லாம் கரைந்துபோவது அதனால்தான். இதற்கு விலையும் உண்டு: 400 எஃப்/2.8-இல் 20 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் ஆழம் (தெளிவாகத் தெரியும் பகுதி) முன்னும் பின்னும் சேர்த்து 40 செ.மீ. அளவுதான், 10 மீட்டரில் 10 செ.மீ. நெஞ்சில் இருக்கும் எண் பளிச்சென்றும் கண் மங்கலாகவும் வருவது இந்த இடத்தில்தான். ஆள் கிட்டே வரும்போது எஃப்/4-க்கு மூடிக்கொள்வது நல்லது.

அப்படியானால் எந்த ஆட்டத்துக்கு எது? கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து பேட்டர் நிற்கும் இடம் 65, 70 மீட்டர் இருக்கும். அந்தத் தூரம் பந்துக்குப் பந்து மாறுவதில்லை. இது பிரைமின் சொந்த வீடு. 70 மீட்டரில் 600 எம்எம் கொடுக்கும் அகலம் 4.2 மீட்டர், பேட்டரும் கீப்பரும் சேர்ந்தே வருவார்கள். மோட்டார் பந்தயம் நேர் எதிர். வண்டியோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பி எடுக்கும் பேனிங்குக்கு ஷட்டரை 1/125-க்கு இறக்குவீர்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 வைத்தாலும் அபர்ச்சர் எஃப்/14 பக்கம் போய்விடும். எஃப்/2.8 கண்ணாடியைத் தூக்கி வந்து எஃப்/14-இல் எடுப்பதில் எந்தப் பயனும் இல்லை, அங்கே ஜூமைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். பறவைகளுக்கு ஜூமில் இன்னொரு வசதி. 600 எம்எம்மில் பார்வைக் கோணம் மூன்றரை டிகிரிகூட இல்லை. பறவையை வ்யூஃபைண்டருக்குள் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்துவிடும். 200-இல் பத்து டிகிரி கிடைக்கும். அங்கே பிடித்து, ஃபோகஸ் பூட்டிய பிறகு 600-க்குப் போகலாம்.

உள்ளரங்கு என்றால் எஃப்/6.3 ஜூம் பேச்சுக்கே இடமில்லை. கூடைப்பந்துக் களத்தின் நீளம் 28 மீட்டர்தான், 70-200 எஃப்/2.8 போதும். பேட்மிண்டன் மாதிரி சின்னக் களத்தில், ஒரே இடத்தில் உட்கார்ந்து எடுப்பதென்றால் 85 எஃப்/1.8 அல்லது 135 எஃப்/1.8 பிரைம், எஃப்/2.8-ஐவிட இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவான கூடுதல் வெளிச்சம்.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி எம்எம் எண்ணைக் கூட்டும் டெலிகன்வெர்ட்டர் பெரிய பிரைமுக்குத்தான் உண்மையான துணை. 1.4x ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்) தின்னும், 2x இரண்டு ஸ்டாப் தின்னும். 400 எஃப்/2.8 முறையே 560 எஃப்/4 ஆகவும் 800 எஃப்/5.6 ஆகவும் மாறும், இரண்டும் பயன்படுத்தக்கூடியவை. 600 எஃப்/6.3 முனையுள்ள ஜூமில் 1.4x போட்டால் 840 எஃப்/9. மதிய வெயிலைத் தவிர வேறு எங்கும் அதை நம்பி இறங்காதீர்கள். பெரிய லென்ஸ்கள் சிலவற்றில் கன்வெர்ட்டர் உள்ளேயே இருக்கிறது, நெம்புகோலைத் தள்ளினால் போதும்: 2013-இல் வந்த கேனான் 200-400 எஃப்/4, 2022-இல் வந்த நிக்கான் இசட் 400 எஃப்/2.8 இரண்டும் அப்படி. தூசிக்கு நடுவில் லென்ஸைக் கழற்ற வேண்டியதில்லை என்பதே பெரிய நிம்மதி.

எடையை யாரும் கடையில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். சோனி 400 எஃப்/2.8 ஏறத்தாழ 2.9 கிலோ, 200-600 ஜூம் 2.1 கிலோ. 800 கிராம் வித்தியாசம் முதல் பத்து நிமிடத்தில் தெரியாது, இரண்டாம் பாதியில் தோள்பட்டை சொல்லும். பெரிய பிரைமுக்கு மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) கட்டாயம். தூக்கி நடக்க வேண்டியவர்களுக்கு நடுவழியாக நிக்கான் 500 எஃப்/5.6 பிஎஃப் இருக்கிறது, 1.46 கிலோதான், பகல் பறவைக்காரர்களுக்கு அருமையான லென்ஸ், இரவு ஆட்டத்துக்கு ஆகாது. 2023-இல் வந்த கேனான் 100-300 எஃப்/2.8 இந்த விவாதத்தையே பாதி முடித்துவைக்கும் ஜூம், இரண்டரை கிலோவுக்குச் சற்று மேல்.

ஜூம் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயங்களைப் பழகிக்கொண்டால் பாதிப் படங்கள் தப்பிக்கும். ஒன்று, மேனுவல் முறையில் அபர்ச்சரை நீண்ட முனைக்கு உரிய எஃப்/6.3-இலேயே நிறுத்திவிடுங்கள். எஃப்/5.6-இல் தொடங்கி 600-க்கு இழுத்தால் அபர்ச்சர் தானாக மூடி, தொடர் படங்களில் வெளிச்சம் ஏறி இறங்கும். இரண்டு, பெரும்பாலான ஜூம்களில் வளையத்தைத் திருப்பும்போது ஃபோகஸும் சற்று நகர்ந்துவிடும். கேமரா அதைப் பிடித்துவிடும்தான், ஆனால் திருப்பிய கையோடு எடுக்கும் முதல் ஒன்றிரண்டு படங்கள் போய்விடலாம். ஆள் வரும் வழியைக் கணித்து முன்கூட்டியே திருப்புங்கள், பிறகு அழுத்துங்கள். பிரைம்காரர்கள் ஃபோகஸ் தேடும் எல்லையைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் ஸ்விட்சை தூரத்துக்கு வைத்தே தொடங்குங்கள். இல்லையென்றால் குறுக்கே ஒரு நடுவர் போனாலே லென்ஸ் கிட்டத்து முனை வரை ஓடித் திரும்பும், ஆட்டம் அதற்குள் முடிந்திருக்கும்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லையா? ஏற்கெனவே ஜூமில் எடுத்த ஆயிரம் படங்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் பதிவாகியிருக்கும் எம்எம் எண்ணையும் ஐஎஸ்ஓவையும் சேர்த்துப் பாருங்கள். நான்கில் மூன்று படம் நீண்ட முனையில், ஐஎஸ்ஓ 6400-க்கு மேல் என்றால் பிரைமுக்குப் போகலாம், தயங்க வேண்டாம். நீண்ட முனைதான், ஆனால் ஐஎஸ்ஓ 1600-க்குக் கீழ் என்றால், பிரைம் உங்களுக்குத் தரப்போவது பின்னணி மங்கல் மட்டுமே. அது அவ்வளவு எடைக்குத் தகுமா என்று நீங்களே சொல்லிக்கொள்ள வேண்டும். எண்கள் 200-இலிருந்து 600 வரை சிதறிக் கிடந்தால், ஜூமை விடவே விடாதீர்கள்.

பிரைம் என்று முடிவானால், கூடவே 70-200 மாட்டிய இரண்டாவது பாடியையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். அது இல்லாத 400 எம்எம், பக்கத்தில் நடக்கும் எதையும் எடுக்காது. இரண்டு பாடிகளிலும் பொத்தான்களை ஒரே மாதிரி அமையுங்கள், கடிகாரத்தையும் நொடி பிசகாமல் ஒன்றாக்குங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து படங்களை வரிசைப்படுத்தும்போது, கோலுக்கு முன்பே கொண்டாட்டம் வந்து நிற்கும்.