சேத்ரியை மட்டும் திட்டுறவங்களுக்கு

2025 மார்ச் 25 இந்தியா-பங்களாதேஷ் ஃபுட்பால் மேட்ச் 0-0ன்னு முடிஞ்சதுல இருந்து நம்ம ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரியைக் கிண்டல் பண்ணி ஆளாளுக்கு அந்த மீமை அனுப்பிட்டே இருக்கீங்க. 40 வயசு தாத்தாவாம். அதுக்கு ஆறு நாள் முன்னாடி, இதே ஷில்லாங்ல மாலத்தீவுக்கு எதிரா ஹெட்டர்ல (தலையால முட்டி) இந்தியாவுக்காக தன்னோட 95வது கோல் போட்டப்ப இதே ஆளுங்கதான் லெஜண்டுன்னு ஸ்டேட்டஸ் வச்சீங்க.

ரிட்டயர் ஆனவர் அவரா திரும்பி வரலங்க. கூப்பிட்டாங்க, வந்தார்.

2024 ஜூன் 6, கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்துல குவைத் மேட்ச் முடிஞ்சு, ரிட்டயர் ஆகி அழுதுகிட்டே போன மனுஷன். அதுக்கப்புறமும் நம்ம டீம் என்ன கிழிச்சுது? 2024 முழுக்க ஒரு மேட்ச் ஜெயிக்கல, ஒண்ணு கூட. அப்ப இந்தியா கோச்சா இருந்த மனோலோ, நம்ம கிளப்கள் ஆடற ஐஎஸ்எல் லீக் பக்கம் திரும்பிப் பார்த்தா அந்த சீசன்ல இந்திய பிளேயர்ஸ்ல அதிக கோல் போட்டு வச்சிருக்கறதே ரிட்டயர் ஆன சேத்ரிதான், 12 கோல். வேற யாரைக் கூப்பிடுவார் சொல்லுங்க?

"சின்னப் பசங்க சான்ஸைக் கெடுத்துட்டார்"னு ஒரு கமெண்ட். எந்தப் பையன், பேர் சொல்லுங்க. பாதிக்கு மேல கிளப்ல நம்பர் 9, அதாவது கோல் அடிக்கற மெயின் ஸ்ட்ரைக்கர், வெளிநாட்டுக்காரர். நம்ம பையனை ஓரமா விங்ல தள்ளிடுவாங்க, இல்ல பெஞ்ச்ல உக்கார வச்சிடுவாங்க. வாரா வாரம் ஸ்ட்ரைக்கரா ஆடாதவன் இந்தியா ஜெர்சி போட்டதும் திடீர்னு எப்படி கோல் அடிப்பான்? 2005ல குவெட்டால பாகிஸ்தானுக்கு எதிரா முதல் கோல் போட்டவர் சேத்ரி. இருபது வருஷமா இன்னொரு ஆளை ரெடி பண்ணாதது ஃபெடரேஷன், கிளப் ஓனருங்க. அவங்களை ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கறீங்க, ஓடி வந்து உதவினவரைப் போட்டு அடிக்கறீங்க.

சொன்ன சொல்லைக் காப்பாத்தலையாம். ஜிதான் 2004ல விலகி அடுத்த வருஷமே திரும்பி வந்துதான் 2006 வேர்ல்ட் கப் ஃபைனல் வரைக்கும் பிரான்ஸைக் கூட்டிட்டுப் போனார். 2016ல கோபா அமெரிக்கா ஃபைனல் தோத்துட்டு மெஸ்ஸி போதும்னு சொன்னதை அப்படியே விட்டிருந்தா 2022 வேர்ல்ட் கப் ஏது? அவங்க லெவல் வேறம்பீங்க, இருக்கட்டும், கூப்பிட்டா வர்ற மனசு ஒண்ணுதானே.

நான் அவரோட கிளப் பெங்களூரு ஃபேன் கூட கிடையாது, சென்னையின் எஃப்சி ஆளு. 2018 ஐஎஸ்எல் ஃபைனல்ல 9வது நிமிஷமே எங்களுக்கு எதிரா அவர் ஹெட்டர் கோல் போட்டப்ப நான் கத்தின கத்துல அம்மா சமையலை விட்டுட்டு ஓடி வந்துட்டாங்க. அப்புறம் எங்க மெயில்சன் ரெண்டு போட்டு 3-2ன்னு நாங்க கப் அடிச்சோம், அது வேற சந்தோஷம். அதே வருஷம் ஜூன்ல மும்பைல காலி ஸ்டேடியத்தைப் பார்த்துட்டு அவர் வீடியோ போட்டார், ஞாபகம் இருக்கா? எங்களைத் திட்டுங்க, ஆனா ஸ்டேடியத்துக்கு வந்து திட்டுங்கன்னு கெஞ்சினார். ஒரு நாட்டு கேப்டன் கை கூப்பி ஆளைக் கூப்பிடற நிலைமை. எனக்கு இன்னிக்கும் தாங்கல அது. நீங்க அந்த பங்களாதேஷ் மேட்ச்சாவது பார்த்தீங்களா, இல்ல ஸ்கோரை மட்டும் பார்த்துட்டு மீம் போட்டீங்களா?

 ஆடினாலும் ஆடலைன்னாலும் அவர் என் ஆளு. தாத்தா கீத்தான்னு இங்க கமெண்ட் வந்தா டெலீட் பண்ணிடுவேன், அப்புறம் கோச்சுக்காதீங்க.