ரோஸி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்

மகளிர் தினம் வந்துவிட்டால் நம் டைம்லைன் முழுக்க ஒரு படம் சுற்றும். மஞ்சள் பின்னணி, நீலச் சட்டை, வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புத் தலைக்கட்டு, முழங்கையை மடக்கிப் புஜத்தைக் காட்டும் பெண். பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே முக்கால்வாசிப் பேர் ‘ரோஸி த ரிவெட்டர்’ (ரிவெட் ஆணி அடித்து உலோகத் தகடுகளை இணைக்கும் ரோஸி) என்று பெயரும் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தப் போஸ்டர் ஜே. ஹோவர்ட் மில்லர் என்ற ஓவியர் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனிக்காக வரைந்தது. 1943 பிப்ரவரியில் இரண்டு வாரம்போல அந்தக் கம்பெனியின் ஆலைகளுக்குள் ஒட்டியிருந்தார்கள், எடுத்துவிட்டார்கள். வெளியே யாரும் பெரிதாகப் பார்த்ததில்லை. அது உலகம் முழுக்கப் பரவியது 1980களுக்கு அப்புறம்தான். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது அமெரிக்க வீடுகளுக்குள் போன ரோஸி வேறொருத்தி. அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

1943 மே 29 தேதியிட்ட ‘சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’ அட்டை. வரைந்தவர் நார்மன் ராக்வெல். அந்தப் பத்திரிகை அப்போது வாரம் முப்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. மறுநாள் மே 30, போரில் இறந்த வீரர்களை நினைவுகூரும் நாள். அந்த வாரத்து அட்டையில் ஒரு சிப்பாயையோ கல்லறையையோ போட்டிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். வந்தது டெனிம் ஓவரால் போட்ட ஒரு தொழிற்சாலைப் பெண்.

படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், போனில் பார்த்தாலும் பரவாயில்லை. பின்னால் அமெரிக்கக் கொடி. முன்னால் ஒரு கட்டையின் மேல் நன்றாக விரிந்து உட்கார்ந்திருக்கிறாள். சிவந்த தலைமுடி, நெற்றிக்கு மேல் தூக்கிவிட்ட முகத்தடுப்பு, பாதுகாப்புக் கண்ணாடி. மடியில் பெரிய ரிவெட் கன் குறுக்கே கிடக்கிறது, அதன் காற்றுக் குழாய் கீழே வளைந்து இறங்குகிறது. ஒரு முழங்கை டிபன் பாக்ஸ் மேல். அந்தப் பாக்ஸில்தான் ‘ரோஸி’ என்று எழுதியிருக்கிறது. அப்போது வானொலியில் ஒலித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டிலிருந்து வந்த பெயர் அது, எல்லோருக்கும் சட்டென்று புரிந்திருக்கும். கையில் சாண்ட்விச்.

சாண்ட்விச்தான் எனக்கு முக்கியம். போர்க்கால ஓவியம் என்றால் வழக்கமாக என்ன இருக்கும்? ஓங்கிய சுத்தியல், புகை கக்கும் ஆலை, தூரத்து விடியலைப் பார்க்கும் கண்கள். எல்லாமே ‘இன்னும் செய், இன்னும் வேகமாகச் செய்’ என்று விரட்டும். இவள் எதுவுமே செய்யவில்லை. சாப்பாட்டு நேரம், சாப்பிடுகிறாள். வாயில் இருப்பதை மென்றுகொண்டு, முகவாயைத் தூக்கி, பாதி மூடிய கண்ணால் எங்கோ பார்க்கிறாள். நம்மைப் பார்க்கவில்லை, நமக்காகப் புன்னகைக்கவும் இல்லை. ஒரு பெண் உட்கார்ந்து, கால் விரித்து, முழங்கையை ஊன்றி, யாருக்கும் எழுந்து பரிமாறாமல், கையில் கிரீஸோடு நிம்மதியாகச் சாப்பிடுவதைப் பத்திரிகை அட்டையாகப் போடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அடுப்பங்கரையில் நின்றபடியே சாப்பிடும் பெண்களைப் பார்த்து வளர்ந்த நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்து யோசித்தால்தான் அந்த உட்காருதலின் அருமை தெரியும். பி-24 என்ற ஒரே ஒரு குண்டுவீச்சு விமானத்துக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் ரிவெட் ஆணிகள் வேண்டும். தகட்டின் ஒரு பக்கம் ஒருத்தி ரிவெட் கன்னைப் பிடித்து அடிப்பாள், மறுபக்கம் இன்னொருத்தி இரும்புக் கட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடியை வாங்க வேண்டும். காது செவிடாகும் சத்தம், தோள்பட்டை வரைக்கும் ஏறும் அதிர்வு. 1943இல் அமெரிக்க விமான ஆலைகளில் மட்டும் மூன்று லட்சம் பெண்களுக்கு மேல் வேலை செய்தார்கள். அப்படியொரு ஷிப்டின் நடுவே கிடைத்த இடைவேளையைத்தான் ராக்வெல் வரைந்திருக்கிறார். மடியில் கிடக்கும் அந்த மிஷின் தூங்கும் குழந்தை மாதிரி அவளோடு ஒட்டிக்கிடக்கிறது, அவளுக்கு அது அவ்வளவு பழகிப்போயிருக்கிறது.

சரி, காலடிக்கு வருவோம். அவள் ஷூவுக்குக் கீழே ஒரு புத்தகம், ஹிட்லரின் ‘மெய்ன் காம்ப்’. காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பழக்கப்பட்ட நமக்கு, புத்தகத்தின் மேல் வைத்த கால் கொஞ்சம் சுருக்கென்று தைக்கத்தான் செய்யும். எனக்குத் தைத்தது. ஆனால் 1933 மே 10 அன்று பெர்லினில் நாஜி மாணவர்கள் ஆயிரக்கணக்கான புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள் என்பதையும், இந்த அட்டை வந்தது அதற்குச் சரியாகப் பத்து வருஷம் கழித்து அதே மே மாதத்தில் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கால் வேறு மாதிரி தெரிகிறது. ராக்வெல் இந்தப் பொருத்தத்தை மனதில் வைத்து வரைந்தார் என்று நான் சொல்லவரவில்லை, பார்க்கிற எனக்கு அப்படித் தோன்றுகிறது. இன்னொன்று, அவள் அதை மிதித்து நசுக்கவில்லை. கோபம் முகத்தில் துளியும் இல்லை. கால் வைக்க வாகாக ஏதோ ஒன்று கிடைத்தது, வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். வெறுப்பைக்கூடக் கொடுக்காமல் அந்தப் புத்தகத்தை ஒரு கால்மணை ஆக்கிவிட்டாள். ஹிட்லரை இதைவிடக் கேவலப்படுத்திய போர்க்கால ஓவியத்தை நான் பார்த்ததில்லை.

இந்த உட்காரும் தோரணை ராக்வெல்லின் சொந்தக் கற்பனை கிடையாது. வாத்திக்கனில் சிஸ்டைன் தேவாலயக் கூரையில் மைக்கேலாஞ்சலோ 1508இலிருந்து 1512 வரை வரைந்த பைபிள் தீர்க்கதரிசிகளில் ஏசாயாவும் ஒருவர். திரும்பிய தலை, மடங்கிய கை, முறுக்கிய உடம்பு, அந்தப் பாரமான முழங்கால்கள் எல்லாம் அப்படியே அங்கிருந்து வந்தவை. அட்டை வெளிவந்த கொஞ்ச நாளிலேயே பத்திரிகைகள் கண்டுபிடித்து எழுதிவிட்டன. சிலர் இதைக் காப்பி என்று இப்போதும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் ஒப்புதல் இல்லை. ஏசாயாவின் முழங்கைக்குக் கீழே ஒரு புத்தகம் இருக்கும், படித்துக்கொண்டிருந்த இடத்தில் விரலை விட்டு மூடி வைத்திருப்பார். ரோஸியின் முழங்கைக்குக் கீழே டிபன் பாக்ஸ். புத்தகம் காலுக்குப் போய்விட்டது. வேத வாக்கு இருந்த இடத்தில் ஒரு தொழிலாளியின் மதியச் சாப்பாடு உட்கார்ந்திருக்கிறது. காப்பியடிப்பவர் இவ்வளவு யோசித்து இடம் மாற்ற மாட்டார். அதோடு, வாள்களை உழுபடைகளாக அடிக்கும் காலம் வரும் என்று சொன்னவர் ஏசாயா. குண்டுவீச்சு விமானம் செய்கிறவளை அவர் உருவத்தில் உட்காரவைக்கும்போது, இந்த இரும்பு வேலைக்கும் ஒரு முடிவு உண்டு என்ற ஏக்கம் படத்துக்குள் வந்துவிடுகிறது. அப்படித்தான் நான் வாசிக்கிறேன், மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

தலைக்கு மேல் மெல்லிய ஒளிவட்டம் ஒன்றும் உண்டு. சின்ன ஸ்கிரீனில் தெரியாது, தேடினால்தான் கிடைக்கும். அதேபோல ஓவரால் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையும் பவுடர் டப்பாவும் எட்டிப் பார்க்கின்றன, நகங்களில் சிவப்புச் சாயம். ‘வேலைக்குப் போனாலும் இவள் பெண்தான், பயப்படாதீர்கள்’ என்று 1943இன் வாசகருக்குச் சொன்ன சமாதானம் இது. அந்த இடத்தில் ஓவியர் கொஞ்சம் பின்வாங்கிவிட்டார் என்பது என் கருத்து.

மாடலாக உட்கார்ந்தவர் மேரி டாயில் கீஃப், வெர்மான்ட் மாநிலத்தின் ஆர்லிங்டன் ஊரில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த 19 வயதுப் பெண். ஒல்லியான உடம்பு. இரண்டு தடவை உட்கார்ந்ததற்குப் பத்து டாலர் கொடுத்தார்கள். அவர் முகத்தை எடுத்துக்கொண்டு தோளையும் கையையும் ராக்வெல் பயில்வான் கணக்கில் பெருக்கிவிட்டார். ஊரில் கேலி பேசியிருக்கிறார்கள். 1967இல் ராக்வெல் மன்னிப்புக் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கைகளைப் பெரிதாக்கியது சரியான முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் ஒரு சின்ன ஊரில் அந்த உடம்பை மற்றவர்கள் கண்முன் சுமந்து திரிந்தது மேரிதான், அதையும் மறந்துவிடக் கூடாது. அவர் 2015இல், 92 வயதில் காலமானார்.

இந்தப் படத்தில் இல்லாதவர்களைப் பற்றியும் பேச வேண்டும். 1941இலேயே பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் இனப் பாகுபாடு கூடாது என்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஆணை போட்டிருந்தார். ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்கள் அதே ஆலைகளில், பெரும்பாலும் மோசமான ஷிப்டிலும் அழுக்கான வேலையிலும் உழைத்தார்கள். அட்டையில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. கறுப்பின மக்களை வேலைக்காரர்களாக மட்டுமே காட்டலாம் என்பதுதான் அந்தப் பத்திரிகையின் வழக்கம் என்று ராக்வெல்லே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து விலகிய பிறகுதான், 1964இல் ‘லுக்’ பத்திரிகையில், காவலர்கள் சூழப் பள்ளிக்கூடம் போகும் கறுப்பினச் சிறுமியை வரைந்தார். ரோஸியை எல்லாப் பெண்களின் சின்னம் என்று கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூல ஓவியம் இப்போது ஆர்கன்சா மாநிலத்தில் பென்டன்வில் ஊரிலுள்ள கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே 1943, செப்டம்பர் 4. அதே பத்திரிகை, அதே ராக்வெல், அமெரிக்காவில் செப்டம்பரில் வரும் தொழிலாளர் தினத்துக்காக இன்னொரு பெண்ணை அட்டையில் போட்டார். இவள் நட்சத்திரச் சட்டையும் கோடு போட்ட பேண்டுமாகக் கொடியையே உடுத்தியிருக்கிறாள், ஓடுகிறாள். முதுகிலும் தோளிலும் இடுப்பிலும் உடம்பு முழுக்கச் சாமான்கள்: பால் பாட்டில், ரயில்வே லாந்தர், ஸ்பேனர், பூவாளி, இன்னும் என்னென்னவோ. போருக்குப் போன ஆண்கள் விட்டுச்சென்ற எல்லா வேலையையும் ஒருத்தியே சுமக்கிறாள் என்று பாராட்டத்தான் வரைந்திருக்கிறார். மூன்று மாதம்தான் இடைவெளி, அதற்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவளை எழுப்பி ஓடவிட்டுவிட்டார்கள். ‘எல்லாவற்றையும் சமாளிக்கும் பெண்’ என்று இன்றும் விளம்பரங்களில் நாம் பார்ப்பது இந்தச் செப்டம்பர் பெண்ணைத்தான், பத்துக் கையோடும் லேப்டாப்போடும் கரண்டியோடும். எனக்கு அவள் மேல் பரிதாபம்தான் வருகிறது. சுவரில் மாட்ட ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் மே மாதத்து அட்டையை எடுப்பேன்.